அடுப்பைச் சுற்றி ஒரு படல்

7-7-86, திங்கள்

விடியும்போதே காற்று. பால்வாடிக் கூரையில் இரண்டு ஓடு நகர்ந்து வானம் தெரிகிறது. பிரசிடெண்டிடம் சொல்ல வேண்டும். சொன்னால் ‘பார்க்கலாம்’ என்பார். அந்த ஓடே கீழே வந்து அவரைப் பார்த்துவிடும்.

போனதும் செய்தவை: நகம் பார்த்தேன் (முனிராஜுக்கு வெட்டியாயிற்று, ஊரைக் கூட்டினான்). தண்ணீர்ப் பானை கழுவி, துணி கட்டி வடித்து, மூடி. மண்ணெண்ணெய் டின் ஆணியில், உயரத்தில். தீப்பெட்டி, பிளேடு, என் ஹேர்பின் மூன்றும் அலமாரித் தலைமேல். கைக்கு எட்டும் உயரத்தில் இனி என் பொறுமை ஒன்றுதான் பாக்கி.

ஆனால் அடுப்பை எந்த ஆணியில் மாட்டுவது? சமையல் கொட்டகை சாய்ந்ததிலிருந்து அடுப்பும் உள்ளேதான். ஒரே அறை. இந்த மூலையில் ‘அம்மா, ஆடு’ பாடம். அந்த மூலையில் சாம்பார் அண்டா.

இன்று பவுனு. மூன்று வயசு, காலில் சக்கரம். பாட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பார்த்தால் அடுப்பு முன்னால் நிற்கிறாள். இரண்டு கையையும் நீட்டி ஆவியைப் பிடிக்கிறாள். சமைக்கிற மாதம்மாக்கா முதுகைக் காட்டி விறகு உடைத்துக்கொண்டிருந்தார். நான் பாய்ந்து பாவாடையைப் பிடித்து இழுத்தேன். பாவாடை என் கையில், பவுனு அம்மணமாகத் தரையில். அழவில்லை.

“டீச்சர், பொகை எங்க போவுது?”

“உங்கொப்பன் வூட்டுக்கு” என்று கத்திவிட்டேன். மாதம்மாக்கா, “நான் இருக்கறப்ப ஒண்ணும் ஆவாதுங்க டீச்சர்” என்கிறார். அவர் இருக்கும்போதுதானே இத்தனையும்!

ஏதாவது செய்தாக வேண்டும். சுவர் கேட்டால் கிடைக்காது. யோசிக்கிறேன்.

8-7-86

யோசித்துவிட்டேன். நான் கெட்டிக்காரிதான்.

சாயங்காலம் காரிமங்கலம் சந்தை. ஆடிப் பண்டிகைக்கு ஆடு வாங்க ஊரே அங்கே. மூங்கில் படல் பின்னி விற்கும் வெங்கட்டப்பாவிடம் போனேன். ஆட்டுக்குட்டி அடைக்கிற படல்தான். இடுப்பு உயரம், நெருக்கப் பின்னல், சின்ன விரல்கூட சிரமப்பட்டுத்தான் நுழையும். அவர் வீட்டில் கன்னடம், சந்தையில் தமிழ், வாயில் இரண்டும்.

“எஷ்டு ஆடு, டீச்சர்?”

எத்தனை ஆடு என்று கேட்கிறார். இருபத்தைந்து குழந்தை என்றேன். சிரித்துவிட்டு இரண்டு படலை உருவி வைத்தார். விலைக்குப் பதிலாக அம்மா மரத்து மாங்காய் ஒரு கூடை என்று பேச்சு. நாளைக்கு சைக்கிளில் வந்துவிடும்.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கால் வலி தெரியவில்லை.

9-7-86, புதன்

படல் வந்தது. ஜன்னல் பக்க மூலையில் இரண்டையும் மடக்கி வைத்தால் சதுரமாக ஒரு இடம். சமையல் நேரம் மட்டும் குழந்தைகள் அதற்குள். பாய், பொம்மை, பனங்கொட்டை வண்டி எல்லாம் உள்ளே. அடுப்பு அந்தக் கோடியில்.

அரை நாள் நிம்மதி. ஒரு விரல் சுடவில்லை. முனிராஜ் மட்டும் படலுக்குள்ளிருந்து ‘ம்ம்மே’ என்றான். உடனே எல்லோரும் ‘ம்ம்மே’. நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அந்த நேரம் பார்த்து பிள்ளையைக் கூப்பிட வந்த இரண்டு அம்மாக்கள் வாசலில்.

10-7-86

காலையிலேயே சண்டை. வாசலில் ஏழெட்டுப் பேர்.

“எங்க புள்ளைங்க ஆடா டீச்சர்?”

“அ ஆ சொல்லிக் குடுக்கத்தான் அனுப்பறோம். பட்டியில அடைக்கவா?”

சாம்பார் அண்டாவைக் காட்டினேன், கையை ஆட்டினேன், தொண்டை கட்டினதுதான் மிச்சம். மற்றவர்கள் கத்திவிட்டு அடங்கினார்கள். பவுனு அம்மா சின்னத்தாயி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மெதுவாகத்தான் சொன்னாள்:

“ஆடி பொறக்கப்போவுதுங்க டீச்சர். பட்டியில நிக்கற ஆட்டுக்கு நாள் குறிச்சாச்சுன்னு அர்த்தம். போன ஆடியிலதான் பெரியவன் காய்ச்சல்ல போனான். இவளயும் அதுல நிக்க வெச்சி நான் பாக்க மாட்டேன்.”

பவுனுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எங்கே? கல் உடைக்கிற குவாரிக்கு. அவள் வேலை செய்கிற இடத்துக்கே.

அதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்ல வாய்வரை வந்தது. பெரியவன் முகம் ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

படலை மடக்கிச் சுவரில் சாத்தியாயிற்று. மாதம்மாக்கா முகத்தில் ஒரு சிரிப்பு. அதை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

12-7-86, சனி

குவாரிக்குப் போனேன். வெயில், கல் தூசி, செருப்பு அறுந்தது.

சின்னத்தாயி ஜல்லி உடைக்கிறாள். பவுனு நாலு குச்சியில் கட்டின சேலை நிழலில், கல் அடுக்கி விளையாடுகிறாள். என்னைப் பார்த்து ஓடி வந்தாள். மூக்கெல்லாம் வெள்ளைத் தூசி.

பேசிக்கொண்டிருக்கும்போதே விசில். வெடி வைக்கப் போகிறார்கள். பவுனு யாரும் சொல்லாமலே காதைப் பொத்தி, குப்புறப் படுத்துக்கொண்டாள். மூன்று வயசுக் குழந்தை. வெடித்தது. தூரத்தில்தான், ஆனாலும் பொடிக்கல் வந்து சேலை மேல் விழுகிற சத்தம் கேட்டது. எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, மறுபடி கல் அடுக்கினாள்.

“இங்க மட்டும் பத்திரமா இருக்குதா சின்னத்தாயி?”

“எங் கண்ணு முன்னால இருக்குதுங்க.”

பட்டி கிடையாது, அடைக்க மாட்டேன் என்றேன். “அடுப்பு?” என்றாள். படல் இல்லாவிட்டால் அடுப்பு. அடுப்பு வேண்டாமென்றால் படல். அவள் கேட்டது நியாயம்.

திரும்பி வரும் வழியெல்லாம் அழுகை. கோபத்தில்தான். யார் மேல் என்று தெரியவில்லை.

13-7-86, ஞாயிறு

பூசை. பிரசங்கத்தில் ஒரு வார்த்தை காதில் விழவில்லை. ஆண்டவர் மன்னிப்பார், ஏனென்றால் யோசனை கொடுத்தது அவர் வீட்டுக் கிராதிதான்.

முன் வரிசையில் முழங்கால் போட்டிருந்தேன். எதிரே பீடம். பீடத்தைச் சுற்றி இடுப்பு உயரத் தடுப்பாக மரக் கிராதி. நாங்கள் வெளியே, சாமியார் உள்ளே. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். என்னை யாரோ அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அடைபட்டிருப்பது பீடம். அதற்கு மரியாதை.

குழந்தைகளை ஏன் அடைத்தேன்? அடுப்பை அல்லவா அடைக்க வேண்டும்!

பக்கத்திலிருந்த என் அம்மா என் முழங்கையை இடித்தாள். சத்தமாகச் சிரித்திருக்கிறேன்.

14-7-86, திங்கள்

குழந்தைகள் வருமுன் இடம் மாற்றினேன். அடுப்பு மூலையில் இரண்டு சுவர். மீதி இரண்டு பக்கம் படல். அடுப்புக்கும் மூங்கிலுக்கும் நடுவே நல்ல இடைவெளி, மாதம்மாக்கா உட்கார்ந்து எழுந்து புழங்குகிற அளவு. ஓரத்தில் கயிற்று வளையம். உள்ளேயிருந்து ஒரு கையால் தூக்கிவிட்டு வெளியே வரலாம். முடிச்சு கூடவே கூடாது. அவசரத்துக்கு ஓடி வர வேண்டுமே.

குழந்தைகளுக்கு அறை பூராவும் இடம். ஓடுகிறார்கள்.

மாதம்மாக்கா வந்தார், பார்த்தார். விளக்குமாறு கீழே.

“அப்ப நான்தான் ஆடுங்களா?”

“இல்லக்கா...”

“புள்ளைங்க ஆடு இல்லன்னு ஊரே கூடி வந்துச்சி. மாதம்மா ஆடான்னு கேக்க யாரு வருவாங்க? நான் உள்ள போவ மாட்டேன். நீங்களே பொங்குங்க.”

பொங்கினேன். சோறு குழைந்தது, சாம்பாரில் உப்பு இரண்டு தடவை. மாதம்மாக்கா குழந்தைகளோடு உட்கார்ந்து, ஒரு வாய் சாப்பிட்டு, தட்டைத் தள்ளி வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

15-7-86

இன்று பேசிப் பார்த்தேன். என் சர்ச், கிராதி எல்லாம் சொன்னேன். “அது உங்க சாமிங்க” என்றார்.

“சரி, உங்க மாரியம்மன் கோயில்ல கருவறைக்குள்ள யாரு போவாங்க?”

“பூசாரி.”

“பிரசிடெண்ட் போவாரா?”

“எப்படிப் போவாரு? பூசாரிதான்.”

“அப்ப இதுக்குள்ள யாரு போவலாம்?”

யோசித்தார். வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். விளக்குமாற்றை எடுத்து உள்ளே போய்ப் பெருக்க ஆரம்பித்தார். பெருக்கும்போதே அதிகாரம்: “டீச்சர், செருப்போட கிட்ட வராதீங்க.”

பொறி பட்டால் மூங்கில் பற்றிக்கொள்ளுமே, உள்பக்கம் மண் பூசுங்கள் என்றேன். செம்மண்ணும் சாணியும் குழைத்துப் பூசினார். மிச்ச மண்ணை வீணாக்காமல் படல் அடியில் வரப்பு மாதிரி நீளமாக அணைத்துவிட்டார். வரப்பு எதற்கு என்றேன். “மண்ணு மீந்துச்சிங்க” என்றார்.

16-7-86

பிரசிடெண்டின் மச்சான் தினம் பதினொரு மணிக்கு வந்து அண்டா மூடியைத் தூக்கி ருசி பார்ப்பது வழக்கம். ருசி என்றால் ஒரு கிண்ணம். யாரும் கேட்டதில்லை, நான் உட்பட.

இன்று மாதம்மாக்கா உள்ளேயிருந்து கரண்டியை நீட்டி: “நில்லுங்க அங்கயே. படலுக்குள்ள யாரும் வரக் கூடாது. குழந்தைங்க ஆரோக்கியம்.”

அந்த வார்த்தையை என்னிடமிருந்துதான் பிடித்திருக்கிறார். மச்சான் என்னைப் பார்த்தார். நான் ‘இலை, ஈ’ சொல்லிக் கொடுப்பதில் மும்முரமாக இருந்தேன்.

இனி படலைப் பிரிக்கச் சொன்னால் மாதம்மாக்காவே விடமாட்டார்.

பவுனு இன்றும் வரவில்லை. காற்றில் குவாரி வெடிச் சத்தம் இங்கே வரை கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் குப்புறப் படுக்கிற கோலம் கண் முன்னால்.

17-7-86, வியாழன்

ஆடி ஒன்று. குவாரி லீவு. சின்னத்தாயி, இடுப்பில் பவுனு, வாசலிலேயே நின்றாள். கூப்பிடவில்லை நான். வீம்புதான். ‘கை வீசம்மா’ சொல்லிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன்.

அறை பூராவும் ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்தாள். மூலையில் படலுக்குள் ராணி மாதிரி உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிற மாதம்மாக்காவைப் பார்த்தாள்.

“அடுப்பயா டீச்சர் அடைச்சிருக்கீங்க?”

“ஆமா. அதுதான் துஷ்ட ஜென்மம்.”

சிரித்தாள். அவள் பல் வரிசையை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். பவுனு இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கிவிட்டாள். “இன்னியிலேருந்து உட்டுட்டுப் போறங்க” என்றாள் சின்னத்தாயி. போகும்போது படலைக் கையால் ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

விளையாட்டுக்கு விசில் ஊதினேன். பவுனு உடனே காதைப் பொத்திக் குப்புறப் படுத்தாள். விசிலைத் தூக்கிப் பெட்டியில் போட்டேன். இனிமேல் கைத்தட்டல்தான்.

18-7-86, வெள்ளி

இன்று நடந்ததை எழுதி வைக்க வேண்டும்.

பதினொன்றரை இருக்கும். சாம்பார் தளதளவென்று கொதி. நான் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிப் பேர் என் முன்னால், மீதிப் பேர் படலோரம். பவுனு இரண்டு கையாலும் மூங்கிலைப் பிடித்து மேலே ஏறும் ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதுதான் கதை.

டப்பென்று ஒரு சத்தம். அடுப்புக் கல் ஒன்று சூட்டில் வெடித்து இரண்டானது. அண்டா சாய்ந்தது. மாதம்மாக்கா “ஐயோ” என்றது கேட்டது. அவ்வளவும் கொட்டியது. மஞ்சளாக, ஆவியோடு, படலை நோக்கி ஓடி வந்தது. அந்தப் பக்கம் பவுனுவின் கால் விரல்கள். அவளுக்குப் பக்கத்தில் முனிராஜ், இன்னும் நாலைந்து பேர்.

நான் எழுந்தேனா, கத்தினேனா, தெரியவில்லை. பாதி தூரம்தான் வந்திருப்பேன்.

சாம்பார் வரப்பு வரை வந்தது. முட்டியது. நின்றது. மூங்கில் மண்பூச்சில் மஞ்சளாக ஏறி, இறங்கி, அப்படியே தேங்கிவிட்டது. வயலில் தண்ணீர் நிற்கிற மாதிரி.

“டீச்சர், சாம்பாரு படுத்துக்கிச்சி” என்றாள் பவுனு.

ஒருத்தர் மேலும் ஒரு சொட்டுப் படவில்லை. ஒவ்வொரு காலையும் தூக்கிப் பார்த்தேன். முனிராஜுக்குக் கூச்சம், சிரிக்கிறான்.

மாதம்மாக்காவுக்கு மட்டும் கணுக்காலில். வளையத்தைத் தூக்கிவிட்டு ஒரே எட்டில் வெளியே வந்துவிட்டார். பக்கத்து வூட்டம்மா இட்லி மாவோடு ஓடி வந்தார், இன்னொருத்தர் பேனா மை. எதுவும் வேண்டாம் என்று கத்தி, காலைத் தொட்டியோரம் நீட்ட வைத்து, பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். “மாவு வெச்சா குளுகுளுன்னு இருக்குமே” என்று முனகினார். டிரெய்னிங்கில் சொல்லிக் கொடுத்தது இது ஒன்றாவது எனக்கு நன்றாக ஞாபகம். குடம் குடமாக ஊற்றினேன். பிறகு சுத்தத் துணி, ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டி. கொப்புளம்கூடப் பெரிசாக இல்லை என்று டாக்டர் சொன்னாராம். தண்ணீர் ஊற்றியது யார் என்று கேட்டாராம். (இதை மாதம்மாக்காவை இரண்டு தடவை சொல்ல வைத்தேன்.)

மத்தியானம் வெறும் சோறு, உப்பு, பக்கத்து வீட்டு மோர். ஒரு பருக்கை மீதியில்லை.

குவாரிக்குச் சேதி எப்படிப் போனதோ, பால்வாடியில் அண்டா கவிழ்ந்துவிட்டது என்று மட்டும் போயிருக்கிறது. சின்னத்தாயி ஓடி வந்தாள். தலைமுடி அவிழ்ந்து, கையில் இன்னும் சுத்தியல். பவுனுவைப் பிடித்து நெற்றி, கை, வயிறு, பாதம் எல்லாம் தடவினாள். பவுனு, “ஆத்தா, சாம்பாரு அங்க படுத்திருக்குது” என்று காட்டினாள்.

சின்னத்தாயி வளையத்தைத் தூக்கிப் படலைத் திறந்து, அதன் உள்பக்கம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள். மண் வரப்பில் மஞ்சள் கோடு. இந்தப் பக்கம் வறண்ட தரை. மஞ்சள் கோட்டையும் மகளின் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். சுத்தியலை எடுத்துக்கொண்டு எழுந்தவள், “இதக் களுவிறாதீங்க டீச்சர்” என்றாள். பவுனுவை விட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

விட்டுவிட்டுப் போனாள்! கொட்டின அடுப்பு இருக்கிற இடத்தில், அதே நாளில்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். பிறகு கண்ணாடியைப் பார்த்தேன். அற்புதமேரி டீச்சர், நீ பரவாயில்லை.

19-7-86

மாதம்மாக்கா வீட்டுக்குப் போனேன். காலை நீட்டி உட்கார்ந்து வந்தவர்களுக்கெல்லாம் கதை. கதையில் வரப்பு அவர் யோசனை. “அப்பவே நெனச்சேன், சாம்பாரு ஓடுனா என்ன பண்றதுன்னு.”

மண் மீந்தது என்று சொன்னது யார்? வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். பூசச் சொன்ன யோசனை என்னுடையது. அணைத்த கை அவருடையது. இதற்குமேல் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

புது அடுப்பு: கல் வேண்டாம், மண்ணில் போட்டுத் தருகிறேன் என்கிறார். ஒற்றைக் காலில் நின்றாவது திங்கட்கிழமை வருவாராம். வேறு யாரும் படலுக்குள் போகக் கூடாதாம்.

21-7-86, திங்கள்

சூப்பர்வைசர் மேடம் வந்தார். படலைத் தாண்டித்தான் நாற்காலி. படலில் கைப்பையை மாட்டினார். தண்ணீர்ப் பானை பார்த்தார், நகம் பார்த்தார். நான் நின்றேன், படலைப் பற்றிக் கேட்பார் கேட்பார் என்று. படலுக்கு அந்தப் பக்கம், அவர் முழங்காலுக்கு நேரே மஞ்சள் கோடு. பார்வைப் புத்தகத்தில் எழுதியது: “சுவரில் காய்கறிப் படங்கள் நன்று.”

கத்தரிக்காய்க்குக் கண் வைத்துப் பத்து நிமிஷத்தில் வரைந்தது அது. கிடைத்த பாராட்டு அதற்கு. சரி, கத்தரிக்காயாவது பிழைத்துப் போகட்டும்.

மேடம் போனதும் மாதம்மாக்கா: “அந்தம்மாவுக்குப் பொங்கத் தெரியாதுங்க. அடுப்பு பக்கமே அவங்க கண்ணு போவல.”

பவுனு இன்று படலுக்கு வெளியே ஒரு கொட்டாங்குச்சியில் மண் சோறு பொங்கினாள். சுற்றிலும் நாலு குச்சி நட்டு வைத்திருக்கிறாள். முனிராஜ் கிட்டே போனான். “உள்ள வராத. ஆரோக்கியம்” என்றாள்.

22-7-86

சந்தை. தூறல், காற்று. வாங்க வேண்டியவை: பருப்பு, புளி, அறுந்த செருப்புக்குப் பதில் புதுசு. வெங்கட்டப்பாவுக்கு மாங்காய்க் கூடை, தலையில் சுமந்து.

ஆடி உச்சம், ஆட்டுக் கூட்டத்தில் நடக்க முடியவில்லை. படல் கடை முன்னால் பெண்கள் கூட்டம். இதென்ன, ஆடு பிடிக்க வருகிறவர்கள் ஆம்பிளைகளாயிற்றே என்று பின்னால் நின்றேன். முன்னால் சின்னத்தாயி. தோளில் பவுனு, தூக்கம். என்னைப் பார்க்கவில்லை.

“அண்ணா, ஒரு படல் குடுங்க. வூட்டுக்கு. ஆட்டுப் படல் வேண்டாம். பால்வாடிப் படல்.”

இரண்டும் ஒரே படல்தான். அதே மூங்கில், அதே பின்னல். நான் சொல்லப் போவதில்லை.

வெங்கட்டப்பாவும் சொல்லவில்லை. அடுக்கிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், வழக்கமாகக் கேட்கிற மாதிரியே கேட்டார்:

“எஷ்டு அடுப்பு?”